உதைபந்தாட்டக்காரரின் வயதும் கழகங்களின் ஒப்பந்தமும்

பெரும்பாலான தொழில்களில் முப்பத்திரண்டு என்பது ஒருவர் தம் தொழிலைக் கற்றுத் தேர்ந்து நிமிர்ந்து நிற்கும் வயது. வழக்கறிஞருக்கு அப்பொழுதுதான் கட்சிக்காரர் தேடி வரத் தொடங்குவர். வைத்தியரை அப்பொழுதுதான் ஊரார் நம்பத் தொடங்குவர். உதைபந்தாட்டக்காரருக்கு மட்டும் அந்த வயதில் முதியவர் என்ற பெயர் வந்துவிடுகிறது. அவருடைய கழகத்தின் பணிப்பாளர் சபையோ, இவரோடு இன்னும் எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதலாம் என்று கூடி ஆலோசிக்கிறது.

1947ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் பிளாக்பூல் கழகம் ஸ்ரான்லி மத்தியூஸ் என்பவரை ஸ்ரோக் சிற்றிக் கழகத்திடமிருந்து 11,500 பவுண் கொடுத்துப் பெற்றது. வலப்பக்க ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடி, எதிரியை இடுப்பின் ஓர் அசைவால் ஏமாற்றிச் செல்லும் முன்வரிசை ஆட்டக்காரர் அவர். பிளாக்பூலின் முகாமையாளர் ஜோ ஸ்மித் அவரைப் பார்த்து, முப்பத்திரண்டு வயதாகிவிட்டதே, இன்னும் இரண்டோர் ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டாராம். ஸ்மித்தின் கேள்வி மூடத்தனமானதன்று. அந்நாளில் எந்த முகாமையாளரும் அதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் மத்தியூஸ் அதன்பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் ஆடினார்.

முதிர்ந்த ஆட்டக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கலாமா, கூடாதா என்று இன்று ஐரோப்பாவிலே வாதிடுவோர் இந்த ஒரு மனிதரின் கதையைத் தத்தமக்கு ஏற்றவாறு எடுத்துக்கொள்வர். அவர் எழுதிய ஒப்பந்தங்கள் எத்தகையவை என்பதைச் சற்றே கவனித்தால், அக்கதை இரு சாராரும் சொல்வதிலிருந்து வேறுபட்ட ஒன்றைச் சொல்வதைக் காணலாம்.

முதலில் அக்காலத்து விதியை அறிதல் வேண்டும். 1893ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்தின் லீக் கழகங்கள் ஓர் ஏற்பாட்டைக் கைக்கொண்டன. ஆட்டக்காரரின் பெயர்ப்பதிவு கழகத்தின் உடைமை. ஒப்பந்தம் ஓராண்டுக்கே எழுதப்படும். பருவம் முடிந்ததும், கழகம் விரும்பினால் அவரை வைத்துக்கொள்ளும், விரும்பினால் வேறு கழகத்துக்கு விற்கும், வேண்டாவிட்டால் கைவிடும். கழகம் நீட்டும் புதிய ஒப்பந்தத்தை அவர் மறுத்தாலோ, பெயர்ப்பதிவு கழகத்திடமே இருக்க, வேறெங்கும் ஆட இயலாமல், வேதனமும் இல்லாமல் வீட்டில் இருக்கவேண்டியதுதான். 1901ஆம் ஆண்டில் இதன்மேல் வேதன உச்சவரம்பும் வந்தது. எவ்வளவு வல்லவரானாலும் கிழமைக்கு 4 பவுணுக்கு மேல் கொடுக்கலாகாது என்றனர். அவ்வரம்பு மெல்ல மெல்ல உயர்ந்து 1958இல் 20 பவுணை எட்டியது.

ஆகவே நீண்ட ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. ஆட்டக்காரரைத் தடுத்து வைப்பதில் கழகத்தின் உரிமைக்கு முடிவே கிடையாது. அவருக்கு வேதனம் கொடுக்கும் கடமை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை முடிந்துவிடும். வயதினால் வரும் நட்டம் முழுவதும் ஆட்டக்காரரின் தலையிலேயே விழுந்தது. முழங்கால் முறிந்தாலும், கால்களின் வேகம் குன்றினாலும், மே மாதத்துப் பட்டியலில் அவர் பெயர் இராது, அவ்வளவே.

விசுவாசத்துக்குக் கொடுக்கும் கூலியும் ஒன்றிருந்தது. ஒரே கழகத்தில் ஐந்து ஆண்டு ஆடியவருக்கு ஒரு நன்கொடைத் தொகை வழங்க விதி இடங்கொடுத்தது. 1936-37ஆம் பருவத்தில் மத்தியூஸ் அத்தொகைக்கு உரியவரானார். 650 பவுண் அவருக்கு வரவேண்டும். ஸ்ரோக் கழகமோ, அவர் முழுநேரத் தொழிலாட்டக்காரர் ஆவதற்கு முன் கழகத்தில் கழித்த காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்று கூறி, 500 தான் தரலாம் என்றது. ஈற்றில் முழுத்தொகையும் கொடுக்கப்பட்டது உண்மை. ஆயினும் தம் ஊரின் பெருமை என்று நகரமே கொண்டாடிய ஓர் இளைஞரோடு 150 பவுணுக்காக வழக்காடியதை அவர் மறந்தாரல்லர். 1938இல் அவர் வேறிடம் போக விரும்புகிறார் என்ற செய்தி பரவியதும், மூவாயிரம் பேர் ஸ்ரோக் நகர மண்டபத்திற் கூடி, அவரை விடலாகாது என்று முழங்கினர். மண்பாண்டத் தொழிலாளர் நிறைந்த அந்நகரத்தில் அப்படியொரு கூட்டம் ஓர் உதைபந்தாட்டக்காரருக்காகக் கூடியது. அவர் தங்கினார். ஒன்பது ஆண்டு கழித்துக் கழகமே அவரை விற்றது.

விற்ற வேளையையும் குறிப்பிடல் வேண்டும். 1946-47ஆம் பருவத்தில் ஸ்ரோக் முதற் பிரிவில் முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஆட்டங்களே எஞ்சியிருந்தன. முகாமையாளர் பொப் மக்குரோரிக்கும் மத்தியூசுக்கும் நெடுநாளாக மனவேற்றுமை. அவர் போகட்டும் என்று விட்டனர். கடைசி ஆட்டத்தில் ஷெபீல்ட் யுனைற்றெட்டை வென்றிருந்தால் வெற்றிப்பட்டம் ஸ்ரோக் நகருக்குச் சென்றிருக்கும். ஒன்றுக்கு இரண்டு என்ற கோற்கணக்கில் தோற்று, நான்காம் இடத்தோடு நின்றது. அன்று தவறிய பட்டம் அக்கழகத்துக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. 1953ஆம் ஆண்டில் ஸ்ரோக் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே ஆண்டு மே 2ஆம் நாள், வெம்பிளி மைதானத்தில், கிண்ண இறுதியாட்டத்தில் போல்ற்றன் அணியிடம் 3-1 எனப் பின்தங்கியிருந்த பிளாக்பூலை, முப்பத்தெட்டு வயது மத்தியூஸ் 4-3 என்ற வெற்றிக்கு இட்டுச்சென்றார். மூன்று கோல்களை அடித்தவர் ஸ்ரான் மோட்டன்சன். இறுதிக் கோல் பில் பெரியுடையது. ஆயினும் அவ்வாட்டத்துக்கு மத்தியூசின் பெயரே நிலைத்துவிட்டது. மோட்டன்சனுக்கு இது சற்றே அநீதிதான்.

1956இல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட தங்கப் பந்து விருது, நாற்பத்தொரு வயதான அவருக்கே கிடைத்தது. ரியல் மட்ரிட்டின் டி ஸ்டெபனோ மூன்று புள்ளிகளால் அவருக்குப் பிந்தினார். மறு ஆண்டு டென்மார்க்குக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடியபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

இந்த முதுமையை அவர் எப்படி வென்றார்? மது அருந்தவில்லை. விடியற்காலையிலே பிளாக்பூல் கடற்கரையில் உடற்பயிற்சி செய்தார். திங்கட்கிழமைகளில் உணவை விலக்கினார் என்பர். இவற்றைவிட முக்கியமானது, அவருடைய ஆட்டம் நெடுந்தூர ஓட்டத்தை நம்பியதன்று என்பது. முதல் ஐந்தாறு அடியில் எழும் வேகமும், எதிரியின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று அறியும் கண்ணுமே அவருடைய மூலதனம். உதைபந்தாட்டத்திலே வயது எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. இடைவிடாது ஓடி ஆடுவோரை அது முதலில் வீழ்த்தும். இடம் அறிந்து நின்று பந்தைப் பங்கிடுவோரைச் சற்றுப் பொறுத்திருக்கும். கோல் காப்போரை நெடுங்காலம் விட்டுவைக்கும். இத்தாலியின் டினோ சொவ் நாற்பதாம் வயதில், 1982இல், அணித்தலைவராக நின்று உலகக் கிண்ணத்தை ஏந்தினார்.

ஆயினும் மத்தியூசைக் காட்டி வாதிடுவோர் ஒன்றை விட்டுவிடுகின்றனர். பிளாக்பூலில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 379. ஆண்டொன்றுக்கு 42 ஆட்டங்கள் வீதம் பார்த்தால் கழகம் ஆடியவை 588க்கு மேல். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில் அவர் களத்தில் இல்லை. காயமும் ஓய்வும் அவருக்கும் வந்தன. உச்சவரம்பின் கீழ் அந்த நட்டம் சிறிது. கிழமைக்கு இருபது பவுண் பெறும் ஒருவர் வெளியே இருந்தால் எந்தக் கழகமும் மூழ்கிவிடாது.

1961 ஜனவரியில் அவ்வுச்சவரம்பு நீங்கியது. ஆட்டக்காரர் சங்கம், ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையிலே வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபின், லீக் இணங்கியது. ஃபுல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெயின்ஸ் கிழமைக்கு 100 பவுண் பெறலானார். அதே ஆண்டு ஒக்ரோபரில், இரண்டாம் பிரிவிலே ஆள் வராத மைதானத்தோடு வாடிக்கொண்டிருந்த ஸ்ரோக் சிற்றியின் முகாமையாளர் ரோனி வடிங்ரன், நாற்பத்தாறு வயதான மத்தியூசை மீண்டும் வாங்கினார். விலை நான்காயிரம் பவுணுக்கும் குறைவு.

இவ்விடத்தில் ஒப்பந்தத்தை ஊன்றிப் பார்க்கவேண்டும். காலம் இரண்டு ஆண்டு. வேதனம் கிழமைக்கு 50 பவுண். பிளாக்பூலில் அவர் பெற்றதைப்போல இரு மடங்கு. அதற்கு மேலாக, களத்தில் இறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25 பவுண். வடிங்ரன் மரியாதையை ஒரு தொகையாகவும், கால்களை வேறொரு தொகையாகவும் மதிப்பிட்டார். ஆடினால் இருவருக்கும் ஆதாயம். ஆடாவிட்டால் கழகத்தின் இழப்புக்கு ஓர் எல்லையுண்டு. அம்முதியவரும் தம் பெயரை விற்றுப் பிழைக்கவேண்டியதில்லை. மத்தியூஸ் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம் ஹடர்ஸ்பீல்டுக்கு எதிரானது. அதைக் காண 35,974 பேர் வந்தனர். அதற்கு முந்திய உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்களைவிட இது மும்மடங்குக்கும் மேல். ஸ்ரோக் 3-0 என வென்றது. 1963 மே மாதத்தில் லூட்டன் அணிக்கு எதிராக அவர் ஒரு கோல் அடிக்க, கழகம் இரண்டாம் பிரிவின் முதலிடத்தோடு மேலே ஏறியது. அவருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

இதோடு கதையை நிறுத்திக்கொள்வோர் பலர். இதற்குப் பின்னும் இரு பருவங்கள் உண்டு. 1963-64இல் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் ஒன்பது. 1964-65இல் ஒன்றே ஒன்று. 1965 பெப்ரவரி 6ஆம் நாள், ஐம்பது வயதும் ஐந்து நாளும் நிரம்பியபோது, ஃபுல்ஹாமுக்கு எதிராக. எத்துணை அரிய மனிதரானாலும் முடிவு வரத்தான் செய்தது. வந்தபோதும் கழகம் சீர்குலையவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிக்கூலி என்ற ஏற்பாட்டின் பயன் அதுதான்.

அவர் ஸ்ரோக்கில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, பழைய விதியின் முதுகெலும்பு நீதிமன்றத்தில் முறிந்தது. ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் என்னும் இளைஞர் நியூகாசில் கழகத்தை விட்டுப் போக விரும்பினார், கழகம் விடவில்லை. அவர் ஆட்டத்தைத் துறந்து வேறு தொழிலுக்குப் போய்ப் பல மாதம் பொறுத்திருந்தபின், 1960இல் ஆர்சனலுக்கு விற்கப்பட்டார். வழக்கை மட்டும் அவர் கைவிடவில்லை. 1963 ஜூலையில் நீதியரசர் வில்பர்போர்ஸ், ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஒருவரைத் தடுத்து வைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1995 டிசம்பர் 15ஆம் நாள், ஐரோப்பிய நீதிமன்றம் அடுத்த அடியைக் கொடுத்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கழகம் 1990இல் போஸ்மன் என்பவரின் வேதனத்தைக் கால்வாசியாகக் குறைக்க முன்வந்தது. அவர் மறுத்துப் பிரான்சுக்குப் போக முயன்றபோது, இடமாற்றப் பணம் கேட்டு வழிமறித்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் கழகத்துக்குப் போகும்போது அப்பணம் கேட்கும் உரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்போடு நிலைமை தலைகீழாயிற்று. முன்பு ஒப்பந்தம் முடிவதைக் கண்டு அஞ்சியவர் ஆட்டக்காரர். இப்போது அஞ்சுவது கழகம். முடிந்த நாளில் அவர் ஒரு சதமும் ஈட்டித்தராமல் வெளியேறலாம். ஆதலால் முடியுமுன்னரே நீட்டிவிடு என்ற பழக்கம் வந்தது. கணக்கேடும் அதற்கு ஒத்தாசை செய்தது. ஐந்து கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் செலவெழுதுவர். மூன்றாண்டு கழிந்து இரண்டு கோடி எஞ்சி நிற்கையில் ஒப்பந்தத்தை மேலும் இரண்டாண்டு நீட்டினால், அது நான்கு ஆண்டுக்குப் பரந்து, ஆண்டுச் செலவு அரைக் கோடியாகக் குறைந்து தோன்றும். செலவு குறையவில்லை, தள்ளிப்போயிற்று. அதனோடு முதியவருக்கான வேதனமும் சேர்ந்துகொண்டது. இளைஞர் என்றால் பின்னர் விற்று மீளலாம். முப்பத்துநான்கு வயதுக்காரரை எவர் வாங்குவர்?

இந்த எண்ணம் விதிகளிலும் புகுந்துள்ளது. 2001இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் வகுத்த ஒழுங்கின்படி, இருபத்தெட்டு வயதுக்கு முன் எழுதிய ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுப் பாதுகாப்பு; அதற்குப்பின் எழுதியதற்கு இரண்டே.

ஆர்சனல் கழகத்தின் வரலாறு இரு பக்கமும் சாட்சி சொல்லும். முகாமையாளர் ஆர்சேன் வெங்கர், முப்பதைக் கடந்தோர்க்குப் பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு மட்டுமே ஒப்பந்தம் என்று வைத்திருந்தார். டெனிஸ் பேர்க்காம்ப் அவ்வாறே கடைசி ஆண்டுகளைக் கழித்து 2006இல், முப்பத்தேழாம் வயதில் விடைபெற்றார். அதே ஆண்டு ரொபேர் பிரேஸ், இரண்டாண்டு கேட்டுக் கிடைக்காமையால் ஸ்பெயினின் வில்லாரியலுக்குச் சென்றார். பின்பு 2018இல், அலெக்சிஸ் சஞ்சேஸ் என்பவர் ஒப்பந்தம் முடியும் தறுவாயிலே கைநழுவிப்போக, மெசுற் ஓசிலையும் இழந்துவிடுவோம் என்ற அச்சத்தில், இருபத்தொன்பது வயதான அவரோடு 2021 வரை ஒப்பந்தம் எழுதினர். கிழமைக்கு 350,000 பவுண் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2020 மார்ச் மாதத்துக்குப் பின் அவர் ஆர்சனலுக்கு ஒரு போட்டியும் ஆடவில்லை. 2021 ஜனவரியில் வெளியேறினார். வயது ஒன்றே காரணமன்று. கருத்து வேற்றுமைகளும் இருந்தன. ஆனால் நீண்ட ஒப்பந்தம் அவ்வேற்றுமைகளுக்கும் சேர்த்தே வேதனம் கொடுக்கவைத்தது. அப்பாடத்தை அக்கழகம் கற்கவில்லை. 2020 செப்டெம்பரில் முப்பத்தொரு வயதான ஒபமெயாங்குக்கு மூன்றாண்டு கொடுத்து, 2022 பெப்ரவரியில் அதை இடையிலேயே முறித்தது. மன்செஸ்ரர் யுனைற்றெட் 2014இல் வெயின் ரூனியை 2019 வரை பிணைத்தது. 2017இலேயே பணம் பெறாமல் அவரை அனுப்பியது. இவையெல்லாம் பொதுவாக நன்றியறிதல் என்ற பெயரில் பேசப்பட்டன. உண்மையில் அவை அச்சத்தின் பிள்ளைகள்.

ரியல் மட்ரிட் கழகம் சற்றே கடுமையாக நடந்துகொண்டது. பதினாறு ஆண்டு ஆடிய செர்ஜியோ ராமோஸ், முப்பத்தைந்தாம் வயதில் இரண்டாண்டு கேட்டார். கழகம் ஓராண்டுக்கு மேல் இல்லை என்றது. 2021இல் அவர் பாரிசுக்குச் சென்று, காயத்தினால் முதற் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அவரில்லாமலே மட்ரிட் 2022இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அதே கழகத்தின் லூக்கா மோட்ரிச் ஆண்டுதோறும் ஓராண்டு நீட்டிப்பை ஏற்று, 2025 வரை, முப்பத்தொன்பதாம் வயதுவரை அங்கேயே ஆடினார். ராமோஸ் அவமதிக்கப்பட்டார் என்போரும் உளர். அதை முழுதும் மறுக்க முடியாது. தன் இளமையை ஓரிடத்தில் செலவழித்த ஒருவர் ஆண்டுதோறும் தேர்வெழுதி நிற்பது இனிய காட்சியன்று. எனினும் நன்றிக்கடனைத் தீர்க்க வேறு வழியுண்டு. அவருக்கென ஓர் ஆட்டம் நடத்தி வருவாயை அளிக்கலாம். பயிற்சியாளர் பதவி தரலாம். கழகத்திலே நிலையான இடம் கொடுக்கலாம். அந்தக் கடனை நான்காண்டு ஆட்ட ஒப்பந்தத்துள் ஒளித்துவைத்தால், முதற் பருவம் முடியுமுன்னரே பார்வையாளர் அம்மனிதரை ஒரு சுமையாக எண்ணத் தொடங்குகின்றனர். அவர் எத்தனை கோல் அடித்தவர் என்பது அன்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

சிறு கழகங்களில் ஆடுவோரின் நிலை இவற்றிலிருந்து வேறானது. அவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்பது வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் பற்றிய கவலை. முப்பத்துமூன்று வயதில் ஒரு கால் முறிந்தால், ஜூன் மாதத்தில் வேலையில்லை. கோடிகள் பெறுவோரின் ஒப்பந்தத்துக்கு வகுக்கும் நியாயத்தை அப்படியே அவர்கள்மீது சுமத்துவது, 1893ஆம் ஆண்டு விதிக்கே திரும்புவதாகும். அத்தகையோருக்கு இரண்டாண்டு உறுதியும், இரண்டாம் ஆண்டிலே குறைந்த வேதனமும், ஆடும் ஆட்டத்துக்குத் தனிக்கூலியும் என்று எழுதுவதில் எந்தக் கழகமும் அழிந்துபோகாது.

வடிங்ரன் அந்த வழியிலேயே நெடுநாள் நடந்தார். முதியோரைச் சேர்க்கிறவர் என்று அவரை நகைத்தனர். பெருங்கழகங்கள் வயதாயிற்று என்று விட்டவர்களை ஒருவர்பின் ஒருவராக அவர் ஸ்ரோக் நகருக்கு அழைத்து வந்தார். 1966இல் வந்தவர்களில் ஒருவர், நியூகாசிலை நீதிமன்றத்தில் வென்ற அதே ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம். 1972 மார்ச் 4ஆம் நாள், வெம்பிளியில், லீக் கிண்ண இறுதியாட்டத்தில் செல்சி அணியோடு ஸ்ரோக் 1-1 எனச் சமமாக நின்றபோது வெற்றிக் கோலை அடித்தவர் அவர்தான். 1863ஆம் ஆண்டு தொடங்கிய அக்கழகத்துக்கு அதுவே முதற் பெருங்கிண்ணம். ஈஸ்ற்ஹாமுக்கு அன்று வயது முப்பத்தைந்து.